மரபணு ஆய்வாளர் வேலை: பினாங்கிலிருந்து சில பதில்கள்

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில், பாமாயில் தரும் செம்பனையின் மரபணுக்களோடு பதினான்கு ஆண்டுகளாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிகளுக்கும், கோயில் மண்டபங்களில் நடக்கும் கல்விக் கருத்தரங்குகளுக்கும் பேசப் போனால் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே இடத்தில் எழுதிவைத்தால் கேட்பவருக்கும் எனக்கும் நல்லது என்று தோன்றியது. மாணவர்கள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, என் அத்தை கேட்டவை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

நீங்கள் டாக்டர்தானே? என் முழங்கால் வலிக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு ஊசி போடத் தெரியாது. நான் பார்க்கும் நோயாளிகள் எல்லாம் மரங்கள். முழங்காலுக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

மரபியலுக்கும் மேல்மரபியலுக்கும் என்ன வேறுபாடு?

தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட மிக நீண்ட ஏடு. மனிதனுடையது ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளம். அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. இந்த எழுத்துகளைப் படிப்பது மரபியல். எந்த எழுத்து மாறினால் எந்த நோய் வருகிறது, எந்தக் குணம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இப்போது 'க' என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். 'க்' ஆகிவிட்டது. எழுத்தின் வடிவம் மாறவில்லை. அதன் உயிரொலி மட்டும் அடங்கிவிட்டது. டி.என்.ஏ.விலும் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்வதுண்டு. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இத்தகைய புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால், பெரும்பாலும் அந்த மரபணு வாயை மூடிக்கொள்ளும். உங்கள் கல்லீரலிலும் தோலிலும் இருப்பது ஒரே ஏடு. இரண்டும் வேறு வேறாக இருப்பதற்கு எங்கெங்கே புள்ளி விழுந்திருக்கிறது என்பதும் ஒரு காரணம். செல் இரண்டாகப் பிரியும்போது புள்ளிகளையும் பார்த்துப் படியெடுக்கத் தனி நொதியே இருக்கிறது. புள்ளி மட்டுமல்ல, ஏட்டைச் சுற்றிவைக்கும் விதமும் முக்கியம். ஹிஸ்டோன் என்ற புரதங்களாலான உருண்டை ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 147 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தைப் படிக்க முடியாது. இவற்றையெல்லாம் ஆராய்வது மேல்மரபியல்.

பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணி பட்டு ஓலை கிழிந்துவிடும். அது 'க'வா 'க்'கா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். டி.என்.ஏ.வை வழக்கமான முறையில் படிப்பவருக்கும் இதே சிக்கல்: எழுத்து தெரியும், புள்ளி தெரியாது. 1992இல் வெளிவந்த பைசல்ஃபைட் முறை இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. பைசல்ஃபைட் கரைசலில் ஊறவைத்தால் புள்ளியில்லாத சைட்டோசின் வேறோர் எழுத்தாக மாறிவிடும். புள்ளியுள்ளது அப்படியே நிற்கும். பிறகு வரிசையைப் படித்து, எது மாறவில்லை என்று பார்த்தால் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

'எபி' என்ற கிரேக்க முன்னொட்டுக்கு 'மேல்' என்று பொருள். 1942இல் கான்ராட் வாடிங்டன் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது டி.என்.ஏ.வின் வடிவமே யாருக்கும் தெரியாது. தமிழில் சிலர் புறமரபியல் என்றும் எழுதுகிறார்கள். புள்ளி மேலேதானே இருக்கிறது, ஆகவே என் வாக்கு மேல்மரபியலுக்கு.

கண்ணால் பார்க்கும்படி ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

நாசி கண்டார் கடை மேசைக்கடியில் மீன்தலைக்குக் காத்திருக்கும் பூனையைப் பாருங்கள். அதன் உடலில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாக இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பெண். அந்த நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கரு சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை வாயடைத்துவிடுகிறது. எதை அடைப்பது என்பது குருட்டாம்போக்கு. இங்கே கறுப்பு, அங்கே செம்மஞ்சள். 1961இல் மேரி லையன் எலிகளைப் பார்த்து இதை ஊகித்தார்.

மனித நோய்களை விட்டுவிட்டு ஏன் செம்பனையைப் பிடித்துக்கொண்டீர்கள்?

பெற்றோர் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு மெல்லிய ஏமாற்றம் இருக்கும். புற்றுநோய் என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு நாள் முழுக்கக் குனிந்த முதுகு. இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வாணிபப் பயிராக நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே தமிழ் தெரிகிறது. அந்த மரத்தடியில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவிட்டு, அதன் மரபணுவை மட்டும் யாரோ படிக்கட்டும் என்று விடுவானேன்? இது உணர்ச்சிக் காரணம். அறிவுக் காரணம் இதைவிட வலுவானது: மலேசியாவிலிருந்து வந்த மேல்மரபியல் ஆய்வுகளில் நான் மிக உயர்வாக மதிப்பது செம்பனையில் நடந்ததுதான்.

முதலில் ஓர் எழுத்துக் கதை. செம்பனைக் கொட்டையின் ஓடு தடித்திருந்தால் அந்த மரம் டூரா வகை. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா. இரண்டையும் கலப்பினம் செய்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா கிடைக்கும். ஓடு மெலிந்த இடத்தைச் சதை நிரப்புவதால் டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். இன்று தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் இதுதான். ஓட்டை முடிவுசெய்யும் மரபணு எது என்பதை, பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை வாரியத்தின் குழு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. எழுத்து மாறினால் ஓடு மாறும். நேரான மரபியல்.

அடுத்தது புள்ளிக் கதை. நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்திலிருந்து திசு வளர்ப்பு முறையில் ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கலாம் என்று 1970களில் பெரிய நம்பிக்கை பிறந்தது. படிகள் வளர்ந்து பூத்ததும் நம்பிக்கையில் மண் விழுந்தது. சில மரங்களில் பூவின் ஆண் உறுப்புகள் சூலகம்போல மாறி, பழத்தைச் சுற்றிப் போர்வை போர்த்தியதுபோல் கூடுதல் மடல்கள் முளைத்தன. மேண்டில்டு என்று அதற்குப் பெயர் வந்தது. கோளாறு முற்றிய மரங்களில் குலை தேறுவதே இல்லை. இத்தனைக்கும் தாய்மரத்துக்கும் அதன் படிகளுக்கும் எழுத்துகள் ஒன்றே. நட்டு, உரம் போட்டு, கூலி கொடுத்து, மூன்று ஆண்டு காத்திருந்து, பூத்த பிறகுதான் மரம் கெட்டுப்போனது தெரியும். ஒரு தோட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப்பாருங்கள்.

காரணம் 2015இல் வெளிவந்தது, அதே வாரியத்திலிருந்து, அதே இதழில். மெய்லினா ஓங்-அப்துல்லா அதன் முதலாசிரியர். பூவை உருவாக்கும் டிஃபீசியன்ஸ் என்ற மரபணுவுக்குள்ளே கர்மா என்ற தாவும் மரபணு ஒன்று குந்தியிருக்கிறது. ஏட்டில் இடம்விட்டு இடம் தாவிப் படிந்துகொள்ளும் இத்தகைய துண்டுகளை மக்காச்சோளத்தில் கண்டறிந்ததற்காகத்தான் பார்பரா மெக்கிளின்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல செம்பனையில் கர்மாவின் மேல் புள்ளிகள் நிறைந்திருப்பதால் அது அடங்கிக் கிடக்கிறது. திசு வளர்ப்பின்போது அந்தப் புள்ளிகள் உதிர்ந்துபோன மரங்களில், பூ மரபணுவின் செய்தி கர்மாவோடு தவறாக ஒட்டப்பட்டுப் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. 'க்' மறுபடியும் 'க' ஆகிவிட்ட கதை. வாக்கியமே குழம்பிவிடுகிறது.

ஒரே மரம், ஒரே இதழ், இரண்டே ஆண்டு இடைவெளியில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். மரபியலையும் மேல்மரபியலையும் இதைவிடத் தெளிவாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் உயிர் எனக்குத் தெரிந்து வேறில்லை. இப்போது சொல்லுங்கள், நான் ஏன் செம்பனையை விட வேண்டும்?

கர்மாவா? அப்படியென்றால் எல்லாம் முன்வினைதானே?

இது அத்தையின் கேள்வி. "நான் எப்போதோ சொன்னேனே" என்று வெற்றிச் சிரிப்பு வேறு. பெயர் வைத்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். முதலில் அதை நெல்லில் கண்டார்கள். புள்ளி உதிர்ந்த நிலைக்குச் செம்பனை ஆய்வாளர்கள் 'கெட்ட கர்மா' என்றும் நிறைந்த நிலைக்கு 'நல்ல கர்மா' என்றும் பெயரிட்டது குறும்புதான். ஆனால் எங்கள் கர்மாவை நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டை வெட்டிச் சோதித்துவிடலாம். கெட்டதென்றால் அந்தக் கன்றை நடாமல் ஒதுக்கிவிடலாம். அத்தைக்கு இந்தப் பகுதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

என் தாத்தா சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் பட்டதெல்லாம் எங்கள் மரபணுவில் பதிந்திருக்குமா?

ஒரு பெரியவர் இதைக் கேட்டபோது மண்டபமே அமைதியாகிவிட்டது. ஜப்பானியர் 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப முடியாத கேள்வி இது.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறதென்றால், 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்திலிருந்து. அந்த மாதங்களில் கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்து, பஞ்சத்தில் கருவாகாத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவில் புள்ளிகள் சற்றுக் குறைந்திருந்தன. 2008இல் வெளிவந்த நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் பஞ்சத்தைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். கருவாக அதற்குள்ளேயே இருந்தவர்கள். கர்ப்பிணி ஒருத்தி பட்டினி கிடந்தால் அவளும் வயிற்றுப் பிள்ளையும் மட்டுமல்ல, அந்தப் பிள்ளை பெண்ணென்றால் அதனுள் உருவாகும் முட்டைகளும் சேர்ந்தே பட்டினி கிடக்கின்றன. மூன்று தலைமுறை ஒரே சமயத்தில். நான்காவது தலைமுறையில் தெரிந்தால்தான் அதை உண்மையில் கடத்தப்பட்டது என்று சொல்லலாம்.

தாத்தா வழி இன்னும் கடினம். பாலூட்டிகளில் புள்ளிகள் பெரும்பாலும் இரண்டு முறை அழித்தெழுதப்படுகின்றன: விந்தும் முட்டையும் உருவாகும் காலத்தில் ஒரு முறை, கருவுற்றதும் இன்னொரு முறை. சில இடங்கள் தப்புகின்றன, மற்றவை துடைக்கப்படுகின்றன. தாவரங்களில் இந்தத் துடைப்பு இவ்வளவு முழுமையாக நடப்பதில்லை. அங்கே புள்ளிகள் தலைமுறை தாண்டிப் போவதை நன்றாகவே நிறுவியிருக்கிறார்கள். மனிதருக்கு அதை அப்படியே பொருத்திச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: தாத்தாவின் பாடு புள்ளியாக உங்களிடம் வந்திருக்கிறது என்று சொல்ல என் கையில் ஆதாரம் இல்லை. ஒற்றை ஆளாகப் பிள்ளைகளை வளர்த்த பாட்டி, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அப்பா, தட்டில் சோற்றை மிச்சம்வைத்தால் வீட்டில் விழுந்த அடி, இவையெல்லாம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவை வந்துசேர மெத்தில் தேவைப்படவில்லை. அவர் தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நம்மவர்களுக்கு நீரிழிவு அதிகம். அது மரபணுவா, சாப்பாடா?

இரண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். 2015இல் லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரின் இரத்தத்தை ஆராய்ந்தவர்கள், பின்னாளில் நீரிழிவு வந்தவர்களிடம் ஐந்து இடங்களில் புள்ளிகள் முன்கூட்டியே வேறுபட்டிருந்ததைக் கண்டார்கள். அந்தப் புள்ளிகள் நோய்க்குக் காரணமா, அல்லது ஏற்கனவே மெல்ல ஏறிக்கொண்டிருந்த சர்க்கரையின் சுவடா என்பதுதான் துறையின் தலைவலி. உங்களுக்குப் புள்ளி எண்ணத் தேவையில்லை. சர்க்கரையை அளந்து பாருங்கள், தே தாரிக்கில் பாலைக் குறைக்கச் சொல்லுங்கள்.

குழந்தையின் எச்சிலை வாங்கி அதன் திறமையைச் சொல்கிறார்களாமே? உடலின் "உண்மையான வயதை"யும் சொல்கிறார்களாமே?

முதலாவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பாட்டு வருமா என்று அறியப் பாடச் சொல்லிக் கேட்பதே மலிவு.

இரண்டாவது வெறும் ஏமாற்று அல்ல. 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் 353 இடங்களின் புள்ளிகளை வைத்து ஒருவரின் வயதை வியக்கத்தக்க அளவு நெருக்கமாகக் கணித்துக் காட்டினார். பல பேரின் சராசரியை ஆராய அது நல்ல கருவி. உங்கள் ஒருவருக்கு இரண்டு வயது கூடுதல் என்று தாளில் அச்சடித்துக் கூடவே ஒரு மாத்திரைப் புட்டியும் விற்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

எஸ்.பி.எம். முடித்ததும் எந்த வழியில் வர வேண்டும்?

உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடாதீர்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பிறகு, ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு இளங்கலை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மரபியலுக்கென்றே பாடம் உண்டு. இங்கே பினாங்கில், 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை பழமையானது. மிண்டனில் இருக்கும் அந்த வளாகம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படையினர் தங்கிய இடம், மரங்கள் அருமையாக இருக்கும். மனித மரபணு பக்கம் போக விரும்பினால் கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமும் வசதி: 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகம் இப்போது சிலாங்கூரின் செத்தியா ஆலமில் இருக்கிறது. செராசில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களின் இரத்தத்தையும் தகவலையும் திரட்டி நடத்தும் நீண்டகால ஆய்வு இருக்கிறது.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த வேலையில் பாதி கணினி. பிப்பெட் பிடிக்கும் நேரத்துக்குச் சமமாக விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். புள்ளியியலும் ஆர் அல்லது பைத்தான் மொழியும் தெரியாமல் வந்தவர்கள் இங்கே வந்து அழுதிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

எத்தனை ஆண்டு ஆகும்? சம்பளம் எப்படி?

நேராகவே சொல்கிறேன். முதுகலை, முனைவர் பட்டம் எல்லாம் முடிக்கும்போது உங்களுக்கு முப்பது வயதை எட்டியிருக்கும். உங்கள் வகுப்புத் தோழன் அதற்குள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆறு ஆண்டு பொறியாளர் சம்பளம் வாங்கிக் கார்க் கடனில் பெரும்பகுதியை அடைத்திருப்பான். உங்களிடம் கல்விக் கடன் இருக்கும். அதன் பிறகும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை. மானியம் வந்தால் ஒப்பந்தம் நீளும், வராவிட்டால் மேசையைக் காலிசெய்ய வேண்டும். நிரந்தர விரிவுரையாளர் பணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களுக்கும், விதை நிறுவனங்களுக்கும், கருவி விற்கும் நிறுவனங்களுக்கும் போய் நன்றாகவே இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று பேசும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன்.

வெளிநாடு போயே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஓரிரு ஆண்டு போய்வந்தால் கண் திறக்கும். உதவித்தொகையில் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு திரும்பி உழைக்கச் சொல்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

நீங்கள் செய்த மிகப்பெரிய தவறு எது?

முதுகலை ஆய்வில் நடந்தது. நல்ல மரங்களின் இலைகளையும் கோளாறுள்ள மரங்களின் இலைகளையும் ஒப்பிட வேண்டும். எங்கள் சோதனைத் தட்டு ஒன்றில் 96 குழிகள். ஒழுங்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு நல்ல மரங்களையெல்லாம் ஒரு தட்டிலும் கெட்ட மரங்களையெல்லாம் இன்னொரு தட்டிலும் வைத்தேன். முதல் தட்டு ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாவது அடுத்த வாரம் வியாழக்கிழமை, புதிதாகத் திறந்த பைசல்ஃபைட் புட்டியோடு. முடிவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கூட்டமும் வரைபடத்தில் நெல்லும் உமியும்போலப் பிரிந்து நின்றன.

மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது மரத்துக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் உள்ள வேறுபாடா?" பதில் சொல்ல வழியே இல்லை. எட்டு மாத உழைப்பு போயிற்று. எல்லாவற்றையும் கலந்து வைத்து மறுபடி செய்தபோது அந்த அழகான பிரிவு காணாமல் போய்விட்டது. மிச்சமிருந்தது சிறிய, ஆனால் உண்மையான வேறுபாடு.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். பைசல்ஃபைட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இரண்டு தராசில் நிறுத்துவிட்டா எந்தக் குலை கனம் என்று கேட்டாய்?" என்றார். இப்போது எந்த மாதிரி எந்தக் குழிக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கணினியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான்.

ஆய்வகத்தைப் பார்க்க வரலாமா?

தாராளமாக. பள்ளி வழியாக முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பள்ளி விடுமுறையில் வராதீர்கள், அப்போதுதான் நாங்கள் தோட்டத்துக்கு இலை வெட்டப் போவோம். விரலை மூடும் காலணி போட்டு வாருங்கள், சிலிப்பர் ஆகாது. திரவ நைட்ரஜனில் இலையைப் போட்டு உடைத்துக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உறைபெட்டியை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள். அதற்குள் சுழியத்துக்குக் கீழே 80 பாகையில் ஒன்பது ஆண்டு இலைகள் தூங்குகின்றன.